பெர்லினின் ஃபிரீட்ரிஷ்ஹைன்–க்ரொய்ட்ஸ்பெர்க் தொகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷ்ப்ரே ஆற்றின் வடகரையில் ஃபிரீட்ரிஷ்ஹைன், தென்கரையில் க்ரொய்ட்ஸ்பெர்க். 1961 முதல் 1989 வரை இந்த இரண்டுக்கும் நடுவே பெர்லின் சுவர் நின்றது. 2002 முதல் இரண்டும் சேர்ந்து ஒரே நாடாளுமன்றத் தொகுதி. ஜெர்மன் தேர்தல் பேச்சு வந்தாலே இந்தத் தொகுதியின் பெயர் அடிபடும். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

தொகுதியின் முழுப்பெயர் என்ன? ஏன் அவ்வளவு நீளம்?

பெர்லின்-ஃபிரீட்ரிஷ்ஹைன்-க்ரொய்ட்ஸ்பெர்க் – ப்ரென்ஸ்லவர் பெர்க் கிழக்கு. ஃபிரீட்ரிஷ்ஹைன்-க்ரொய்ட்ஸ்பெர்க் என்பது பெர்லின் நகர நிர்வாகத்தின் ஒரு மாவட்டம். அதை மட்டும் தொகுதியாக்கினால் மக்கள்தொகை போதவில்லை. அதனால் பக்கத்து பாங்கோவ் மாவட்டத்திலிருந்து ப்ரென்ஸ்லவர் பெர்க்கின் கிழக்குப் பகுதியை வெட்டி எடுத்து இதோடு ஒட்டினார்கள். பெயரும் அப்படியே நீண்டுவிட்டது.

எண் மாறிக்கொண்டே இருப்பது பலரைக் குழப்புகிறது. 2002-இல் 84, 2013-இல் 83, 2025-இல் 82. தொகுதி இடம் மாறவில்லை. மாநிலம் மாநிலமாக வரிசைப்படி எண் போடுகிறார்கள். டென்மார்க் எல்லையில் இருக்கும் ஃப்ளென்ஸ்பர்க் 1-இல் தொடங்கி சார்லாந்தின் ஹோம்பர்க் 299-இல் முடியும். பெர்லினுக்கு முன்னால் வரும் ஒரு மாநிலம் ஒரு தொகுதியை இழந்தால் பெர்லினின் எண்கள் எல்லாம் ஒன்று இறங்கும். 2025-இல் சாக்சனி-அன்ஹால்ட் ஒன்றை இழந்தது, அதனால் 83 என்பது 82 ஆனது.

அங்கே ஒருவருக்கு இரண்டு ஓட்டு என்கிறார்களே?

ஆமாம். ஒரே சீட்டில் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் கறுப்பு எழுத்தில் தொகுதி வேட்பாளர்களின் பெயர்கள், வலப்பக்கம் நீல எழுத்தில் கட்சிகளின் பட்டியல்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குறி போட வேண்டும். இடப்பக்கம் போடுவது முதல் வாக்கு, வலப்பக்கம் போடுவது இரண்டாம் வாக்கு. பெயரைப் பார்த்தால் முதல் வாக்குதான் பெரிது என்று தோன்றும். ஆனால் நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று முடிவு செய்வது இரண்டாம் வாக்குதான். முதல் வாக்கு உங்கள் தொகுதியின் ஆள் யார் என்பதை மட்டும் சொல்லும். இரண்டு வாக்கு முறை 1953-இல் வந்தது. 1949 தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்குதான்.

இரண்டு பக்கமும் ஒரே கட்சிக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்சியைப் பிடிக்காவிட்டாலும் ஆளைப் பிடித்திருந்தால் இடப்பக்கம் அவருக்கு ஒரு குறி. இந்தத் தொகுதியின் கதையே அந்த ஒரு குறியில்தான் இருக்கிறது.

சுவர் இருந்த காலத்தில் இங்கே எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

இதைப் பலர் தெரிந்துகொள்ளாமலேயே கடந்துவிடுகிறார்கள். க்ரொய்ட்ஸ்பெர்க் மேற்கு பெர்லினில் இருந்தது. மேற்கு ஜெர்மனியின் பணமும் சட்டங்களும் அங்கே செல்லும். ஆனால் மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் அந்த மக்களுக்கு ஓட்டு கிடையாது. போருக்குப் பின் நகரத்தைத் தங்கள் பொறுப்பில் வைத்திருந்த அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் மேற்கு பெர்லினை மேற்கு ஜெர்மனியின் முழு அங்கமாக ஏற்கவில்லை. பெர்லின் சட்டமன்றமே 22 பேரைத் தேர்ந்தெடுத்து, மேற்கு ஜெர்மன் நாடாளுமன்றம் இருந்த பான் நகரத்துக்கு அனுப்பும். அவர்கள் பேசலாம், குழுக்களில் உட்காரலாம். சட்டத்தின் மீது நடக்கும் இறுதி வாக்கெடுப்பில் அவர்கள் வாக்கு கணக்கில் சேராது.

எதிர்க்கரையில், அதாவது கிழக்கு பெர்லினில் இருந்த ஃபிரீட்ரிஷ்ஹைனில், தேர்தல் என்றால் அச்சடித்த ஒரே பட்டியல். அதை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். மறைவிடத்துக்குள் போனாலே சந்தேகக் கண் விழும்.

ஆக, ஒரு கரையில் ஓட்டே இல்லை, மறுகரையில் ஓட்டு இருந்தும் தேர்வு இல்லை. நடுவில் இருந்த ஆறும் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தில் ஷ்ப்ரே ஆற்றின் முழு அகலமும் கிழக்கு பெர்லினுக்குச் சொந்தம், எல்லை க்ரொய்ட்ஸ்பெர்க் கரையிலேயே முடிந்தது. 1975 மே மாதம் க்ரொய்ட்ஸ்பெர்க் கரையில் விளையாடிக்கொண்டிருந்த துருக்கியக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தண்ணீரில் விழுந்தான். அன்று அவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். மேற்குப் பக்கத்து மீட்புப் படையினர் கரையில் நின்றார்கள். ஆற்றில் இறங்கினால் சுடப்படலாம். பையன் பிழைக்கவில்லை. அதே கரையில் அதற்கு முன்பும் குழந்தைகள் மூழ்கி இறந்திருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான், இப்படிப்பட்ட விபத்தில் மேற்குக் கரையிலிருந்தும் உதவிக்கு இறங்கலாம் என்று இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டன. ஒரு கோட்டை எங்கே வரைகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கரைதான் ஞாபகத்துக்கு வரும்.

பெர்லின் மக்கள் எப்போது நேரடியாக ஓட்டுப் போட்டார்கள்?

1990 டிசம்பர் 2, ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில். அதற்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, நவம்பர் 14 அன்று, ஃபிரீட்ரிஷ்ஹைனின் மைன்ஸர் தெருவில் காலி வீடுகளைப் பிடித்துக் குடியிருந்த இளைஞர்களைப் போலீஸ் பெரும்படையோடு வந்து வெளியேற்றியது. தெருவே போர்க்களமாயிற்று. அதை எதிர்த்து, பெர்லின் அரசில் சமூக ஜனநாயகக் கட்சியோடு கூட்டணியில் இருந்த மாற்றுப் பட்டியல் கட்சி விலகியது. இந்தக் கட்சிதான் பின்னால் பெர்லினின் பசுமைக் கட்சியானது.

அப்போது இந்தத் தொகுதி இல்லை. க்ரொய்ட்ஸ்பெர்க் ஷோனபெர்க்கோடும், ஃபிரீட்ரிஷ்ஹைன் லிஷ்டன்பெர்க்கோடும், ப்ரென்ஸ்லவர் பெர்க் மிட்டே பகுதியோடும் சேர்ந்திருந்தன. சுவர் விழுந்துவிட்டது, தொகுதி வரைபடம் மட்டும் சுவரின் கோட்டிலேயே நின்றது.

அதற்கும் முன்னால்?

1871 முதல் 1918 வரையிலான பேரரசுக் காலத்தில் பெர்லினுக்கு ஆறு தொகுதிகள். அதில் நான்காவது தொகுதி ஷ்ப்ரேயின் இரண்டு கரைகளையும் தொட்டது: இன்றைய ஃபிரீட்ரிஷ்ஹைனில் இருக்கும் ஸ்ட்ராலாவ் பகுதி, இன்றைய க்ரொய்ட்ஸ்பெர்க்கில் சேர்ந்துவிட்ட லூயிஸன்ஸ்டாட்டின் ஒரு பகுதி. நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகள். ஆற்றின் இரண்டு கரைகளையும் ஒரே தொகுதியில் சேர்த்தது 2002-இல் முதல்முறை நடந்ததல்ல.

அந்தத் தொகுதிக்கு 1884 முதல் 1911-இல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தவர் பவுல் சிங்கர். யூதர், பெண்களுக்கான கோட் தைத்து விற்ற தொழிலதிபர், அதோடு சமூக ஜனநாயகவாதி. அவர் முதலில் வென்றபோது கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. அன்றைய பிரதமர் பிஸ்மார்க்கின் சட்டம் கூட்டத்தையும் பத்திரிகையையும் தடுத்ததே தவிர, தனி ஆளாக ஒருவர் வேட்பாளராக நிற்பதைத் தடுக்கவில்லை. 1886-இல் சிங்கரைப் பெர்லினைவிட்டே வெளியேற்றினார்கள். தன் தொகுதிக்குள் கால் வைக்க முடியாத உறுப்பினர்! ஆனாலும் அந்த மக்கள் அவரைக் கைவிடவில்லை. இறுதி ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள்.

அந்தக் காலத்து எல்லைகளில் ஒரு பெரிய அநியாயமும் இருந்தது. பெர்லின் பல மடங்கு வளர்ந்தும், 1871-க்குப் பிறகு நகரத்துக்கு ஒரு தொகுதிகூடக் கூட்டித் தரவில்லை. கடைசித் தேர்தல் நடந்த 1912-இல் பெர்லினின் ஆறாவது தொகுதியில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். ஷாவும்பர்க்-லிப்பே என்ற குட்டி ராஜ்யத்தில் சுமார் பத்தாயிரம் பேர் சேர்ந்து ஒரு உறுப்பினரை அனுப்பினார்கள். 25 வயதான ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு என்பது வேறு.

1919-இல் பெண்களுக்கும் ஓட்டு வந்தது. ஆனால் ஒரு தொகுதிக்கு ஒரு உறுப்பினர் என்ற முறை போய், கட்சிப் பட்டியல் முறை வந்துவிட்டது.

இப்போது எல்லையை யார் வரைகிறார்கள்?

குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒரு நிரந்தர ஆணையம் இருக்கிறது. மத்தியப் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவரும், மத்திய நிர்வாக நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவரும், இன்னும் ஐந்து பேரும் அதில் இருப்பார்கள். அது பரிந்துரை செய்யும், நாடாளுமன்றம் சட்டமாக்கும். ஒரு தொகுதியின் மக்கள்தொகை சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 25 சதவீதத்தைத் தாண்டினால் கட்டாயம் திருத்தி வரைய வேண்டும்.

2002-இல் இந்தத் தொகுதி பிறக்க இரண்டு காரணங்கள். ஒன்று, நாடு முழுக்கத் தொகுதிகளை 328-இலிருந்து 299 ஆகக் குறைத்தார்கள். பெர்லினுக்கு 13 இருந்தது 12 ஆனது. இன்னொன்று, 2001 ஜனவரி 1 அன்று பெர்லினின் 23 மாவட்டங்களை இணைத்து 12 ஆக்கினார்கள். அதில் கிழக்கையும் மேற்கையும் கலந்தவை இரண்டே மாவட்டங்கள்: ஒன்று மிட்டே, மற்றது ஃபிரீட்ரிஷ்ஹைன்-க்ரொய்ட்ஸ்பெர்க். இரண்டு கரைகளையும் இணைக்கும் ஓபர்பாவும் பாலமே புதிய மாவட்டத்தின் சின்னத்தில் இடம்பெற்றது.

2002-இல் அப்படி என்ன நடந்தது?

பசுமைக் கட்சி தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு தொகுதியை நேரடியாக வென்றது. ஆனால் அதைக் கட்சியின் வெற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வென்றவர் ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஸ்ட்ரோபெலே. 1939-இல் பிறந்தவர், வழக்கறிஞர். 1970-களில் ஆயுதமேந்திய இடதுசாரிக் குழுவினருக்காக வாதாடியவர், டாட்ஸ் நாளிதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பும் தீர்மானத்தைப் பிரதமர் ஷ்ரோடர் நம்பிக்கை வாக்கெடுப்போடு சேர்த்து வைத்தார். தீர்மானம் தோற்றால் அரசே கவிழும். பசுமைக் கட்சியில் எதிர்ப்பாளர்கள் எட்டுப் பேர். அவர்களில் நான்கு பேர் அரசைக் காப்பாற்ற ஆதரவாகப் போட்டார்கள், நான்கு பேர் எதிர்த்தே போட்டார்கள். ஸ்ட்ரோபெலே அந்த இரண்டாவது நால்வரில் ஒருவர். தேவை 334, ஷ்ரோடருக்குக் கிடைத்தது 336.

அடுத்த ஆண்டு, கட்சியின் பெர்லின் பட்டியலில் ஜெயிக்கக்கூடிய இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஸ்ட்ரோபெலே சைக்கிளை எடுத்துக்கொண்டு தொகுதிக்குள் இறங்கினார். அவர் பிரசாரத்தின் முழக்கம் ஜெர்மனில் எதுகையோடு இருக்கும்: ஸ்ட்ரோபெலேவைத் தேர்ந்தெடுப்பது ஃபிஷரை வாட்டுவது. யோஷ்கா ஃபிஷர் அவருடைய கட்சியின் பெருந்தலைவர், அன்றைய வெளியுறவு அமைச்சர். நம் வாயில் சொன்னால், ஸ்ட்ரோபெலேவுக்கு ஒரு ஓட்டு, ஃபிஷர் தலையில் ஒரு குட்டு. கார்ட்டூன் ஓவியர் கெர்ஹார்ட் சைஃப்ரீட் வரைந்த சுவரொட்டிகள் தெருவெங்கும் ஒட்டப்பட்டன.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, பிரசாரத்துக்கு வந்த அவரை ஒரு நியோ நாஜி பின்னாலிருந்து தலையில் தாக்கினான். செப்டம்பர் 22 இரவு முடிவு வந்தது: 31.6 சதவீத முதல் வாக்குகளோடு ஸ்ட்ரோபெலே முதலிடம்.

இதில் என்னை மிகவும் தொடுவது வேறொன்று. இவர் 1985-இலேயே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர், மேற்கு பெர்லின் அனுப்பிய அந்த 22 பேரில் ஒருவராக. மக்கள் தேர்ந்தெடுக்காமல், முழு வாக்குரிமை இல்லாமல் போனவர், பதினேழு ஆண்டு கழித்து ஆற்றின் இரண்டு கரை மக்களும் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஆளாக அதே அவைக்குப் போனார்.

ஒருமுறை அதிர்ஷ்டமா?

இல்லவே இல்லை. 2005, 2009, 2013 என்று தொடர்ந்து வென்றார். 2009-இல் கிட்டத்தட்ட 47 சதவீதம். ஒவ்வொரு முறையும் அவருக்கு விழுந்த முதல் வாக்கு, அவர் கட்சிக்கு விழுந்த இரண்டாம் வாக்கைவிட மிக அதிகம். வலப்பக்கம் வேறு கட்சிக்குப் போட்டவர்களும் இடப்பக்கம் அவருக்குப் போட்டார்கள் என்று அர்த்தம். 2013 அக்டோபரில் மாஸ்கோவுக்குப் போய், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனைச் சந்தித்துத் திரும்பினார். அப்போது வயது 74. 2017-இல் நிற்கவில்லை, 2022 ஆகஸ்டில் காலமானார்.

இந்தப் புதிய எல்லையால் நஷ்டப்பட்டவர்கள் யாராவது உண்டா?

உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சியிலிருந்து வந்த பி.டி.எஸ்., இன்றைய இடதுசாரிக் கட்சியின் முன்னோடி. ஜெர்மனியில் 5 சதவீத வாக்கு பெறாத கட்சிக்கு இடமில்லை. ஆனால் மூன்று தொகுதிகளை நேரடியாக வென்றால் அந்தத் தடை விலகும். 1994-இல் பி.டி.எஸ். வாங்கியது 4.4 சதவீதம்தான். கிழக்கு பெர்லினில் நான்கு தொகுதிகளை வென்றதால் 30 இடங்களோடு உள்ளே வந்தது. அந்த நான்கில் ஒன்று ஃபிரீட்ரிஷ்ஹைன்–லிஷ்டன்பெர்க். இன்னொன்று மிட்டே–ப்ரென்ஸ்லவர் பெர்க். அங்கே வென்றவர் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஹைம், வயது 81. அவையில் மூத்தவர் என்பதால் தொடக்க உரை அவருடையது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர் ஏறக்குறைய எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். உறுப்பினர்களின் ஊதிய விவகாரத்தை எதிர்த்து அடுத்த ஆண்டே பதவி விலகிவிட்டார்.

2002-இல் மிட்டேயையும் ஃபிரீட்ரிஷ்ஹைனையும் மேற்குப் பகுதிகளோடு கலந்ததும் அந்தக் கோட்டைகள் கரைந்தன. பி.டி.எஸ். வென்றது இரண்டே தொகுதி, வாக்கும் 5 சதவீதத்துக்குக் கீழே. பட்டியல் மொத்தமும் போய், நாடாளுமன்றத்தில் இரண்டு பெண் உறுப்பினர்கள் மட்டும் மிஞ்சினார்கள். எல்லை மாற்றம் வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். நகர மாவட்டங்களின் இணைப்பை அது பின்பற்றியது. ஆனாலும் விளைவு விளைவுதான். 2021-இல் அதே விதி மறுபடி கைகொடுத்தது: 4.9 சதவீதம், மூன்று தொகுதிகள், 39 இடங்கள்.

ஸ்ட்ரோபெலேவுக்குப் பிறகு?

2017-இல் அதே பசுமைக் கட்சியின் ஜனான் பாய்ராம் வென்றார். துருக்கியின் மலாட்யாவில் பிறந்த வழக்கறிஞர். இடதுசாரிக் கட்சியின் பாஸ்கல் மைசரை அவர் முந்தியது மிகச் சிறிய வித்தியாசத்தில். அந்த ஆண்டும் நாடு முழுக்கப் பசுமைக் கட்சி வென்ற ஒரே தொகுதி இதுதான். 2021-இல் பாய்ராம் மறுபடி வென்றார். அந்த முறை கட்சிக்கு மொத்தம் 16 தொகுதிகள். அப்புறம், கட்சி போகும் பாதை பிடிக்கவில்லை என்று சொல்லி 2025 தேர்தலில் அவர் நிற்கவில்லை. அந்தத் தேர்தலில் மைசர் தொகுதியைப் பிடித்தார். 23 ஆண்டுகளில் முதல்முறையாகப் பசுமைக் கட்சியின் கையைவிட்டு இது போனது.

2024-இல் பெர்லினில் மறுவாக்குப்பதிவு நடந்ததே, ஏன்?

2021 செப்டம்பர் 26 அன்று பெர்லினில் நாடாளுமன்றத் தேர்தல், மாநிலத் தேர்தல், மாவட்டத் தேர்தல், பெரிய வீட்டு நிறுவனங்களை அரசுடைமையாக்கக் கேட்கும் பொதுவாக்கெடுப்பு, போதாததற்கு மாரத்தான் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில். சீட்டு தீர்ந்தது, தவறான சீட்டு வந்தது, மாலை 6 மணிக்குப் பின்னும் வரிசை நீண்டது. அரசியல் சாசன நீதிமன்றம் 2,256 வாக்குச்சாவடிகளில் 455-இல் திரும்ப நடத்தச் சொன்னது. 2024 பிப்ரவரி 11 அன்று நடந்தது.

தொகுதியில் வென்றும் உறுப்பினராக முடியாதாமே?

2025 முதல் அப்படி ஒரு நிலை வந்திருக்கிறது. அவை 736 பேர்வரை வீங்கியதால், 2023-இல் சட்டம் மாற்றி 630 என்று உச்சவரம்பு வைத்தார்கள். கட்சியின் இரண்டாம் வாக்குகள் தாங்கும் அளவுக்குத்தான் தொகுதி வெற்றியாளர்கள் உள்ளே போகலாம். 2025-இல் நாடு முழுக்க 23 பேர் வென்றும் வெளியே நின்றார்கள். இந்தத் தொகுதிக்கு அந்த நிலை வரவில்லை. ஆனால் கட்சியை மீறி ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்கு இது நல்லதல்ல என்பது என் எண்ணம். இடப்பக்கக் குறிக்கு இருந்த உறுதி குறைந்துவிட்டது.

மூன்று தொகுதி விதியையும் அதே சட்டத்தில் எடுத்துவிட்டார்கள். 2024 ஜூலை 30 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், புதிய சட்டம் வரும்வரை அந்த விதி தொடர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

க்ரொய்ட்ஸ்பெர்க்கில் வெளிநாட்டவர் நிறையப் பேர். அவர்களுக்கு ஓட்டு உண்டா?

நாடாளுமன்றத் தேர்தலில் இல்லை. 1961-இல் துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் வந்தது. சுவரோரத்தில் வாடகை குறைவு என்பதால் வந்தவர்களில் நிறையப் பேர் இங்கே தங்கினார்கள். குடியுரிமை பெற்றால்தான் ஓட்டு. அதைவிட வருத்தமான விஷயம், தொகுதி எல்லைக்காக மக்கள்தொகையைக் கணக்கிடும்போதுகூட வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை. ப்ரென்ஸ்லவர் பெர்க்கிலிருந்து ஒரு துண்டை ஏன் ஒட்ட வேண்டியிருந்தது என்பதை இதையும் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருடம் ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர், அந்தத் தெரு எந்தத் தொகுதி என்று முடிவாகும் கணக்கில் இல்லை.

ஒன்று மட்டும் அவருக்கும் திறந்திருக்கிறது. மாலை 6 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே அறையில் பெட்டியைக் கவிழ்த்து, மேசையில் கொட்டிக் கையால் எண்ணுவார்கள். கதவைச் சாத்தக் கூடாது என்பது சட்டம். குடியுரிமை கேட்கமாட்டார்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே போய் நின்று, அந்தத் தெருவின் சீட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிவதைப் பார்க்கலாம்.